பண்ணை நாயைப் பழக்க இடமும் சம்மதமும்

மயில் விதையைக் கொத்துது, காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைச் சாய்க்குது. இயற்கை வழியில் வேளாண்மை செய்கிற நமக்கு விஷம் வைக்கிற பேச்சே கிடையாது. அதனால் நம் கூட்டங்களில் பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் நாயில் வந்து நிற்கும். "ஒரு நல்ல நாய் இருந்தா போதும் சார்" என்பார்கள். குட்டி எங்கே கிடைக்கும், என்ன விலை, ராஜபாளையமா, கோம்பையா, சிப்பிப்பாறையா என்று கேட்காதவர் இல்லை. அந்தக் குட்டியை எந்த நிலத்தில் வைத்துப் பழக்கப் போகிறீர்கள், அந்த நிலத்துக்காரரிடம் கேட்டாச்சா என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது. கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான். வங்கியில் பயிர்க்கடன் கொடுத்த காலத்தில் நிலம் பார்க்கிறதும் ஆளிடம் பேசிச் சம்மதம் வாங்குகிறதும் என் தினசரி வேலை. ஓய்வுக்குப் பிறகு விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே தோட்டம் போட்டபோது, அந்தப் பழைய வேலை நாய் விஷயத்தில் இவ்வளவு உதவும் என்று நினைக்கவில்லை.

கட்டிப்போட்ட நாய் குரைக்கும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மயில் அந்தச் சங்கிலியின் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டு, அதற்கு ரெண்டு அடி தள்ளி நின்று மேயும். பழக்காமல் அவிழ்த்துவிட்ட நாய் வேறு வகை. அது முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கோழியைப் பிடிக்கும், பிறகு ஆட்டுக்குட்டி. அதன் பிறகு ஒருநாள் காலையில் வாயில் நுரை தள்ளி வரப்பில் கிடக்கும். குருணை மருந்தைச் சோற்றில் கலந்து வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு குடும்பத்துக்கும் அதன் பிறகு பேச்சுவார்த்தை இருக்காது. வாய்க்கால் தண்ணீர் திருப்புவதில் இருந்து கல்யாணப் பத்திரிகை வரை அது போய் முடிந்த கதைகள் நம் எல்லா ஊரிலும் இருக்கு.

எதற்காகப் பழக்குகிறோம்?

மேல்நாடுகளில் ரெட்ரீவர் என்று ஒரு வகை நாய்களைப் பழக்குகிறார்கள். சுட்டு விழுந்த வாத்தையும் காட்டுக்கோழியையும் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து எஜமானர் கையில் கொடுப்பது அதன் வேலை. நம் ஊர்ப் பங்களா வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு படுத்திருக்கும் லாப்ரடார் அந்த வகைதான். நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வழி வந்தது. இங்கிலாந்தில் 1903-ல் தனி இனமாகப் பதிவானது. அதைப் பழக்குவதற்கு மேய்ச்சல் வெளி, அறுத்த தாள் நிலம், புதர், குளம் என்று பலவகை இடம் வேண்டும். ஒருவரிடமே அத்தனையும் இருக்காது. அதனால் பண்ணைக்காரர்களிடம் போய் இடம் கேட்டு அனுமதி வாங்குவது அந்த வேலையில் ஒரு பெரிய பகுதி.

நம் நாயின் வேலை அதற்கு நேர் எதிர். எதையும் கவ்வக் கூடாது. எல்லைக்குள் நின்று குரைத்து, வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும், கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். ஆடு, கோழி, கன்றுக்குட்டியைக் கண்டால் கண்டுகொள்ளாமல் போக வேண்டும். இவ்வளவுதான் பாடம். ஆனால் இதில் சட்டமும் இருக்கிறது. மயில் 1963-லிருந்து தேசியப் பறவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் பட்டியலில் உள்ளது. முயலும் காட்டுப்பன்றியும்கூடப் பட்டியலில் உள்ளவைதான். அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொல்வது என்று மட்டும் பொருள் இல்லை. நாயை ஏவித் துரத்துவதும், பிடிக்க முயற்சி செய்வதும் வேட்டைதான். "முயல் பிடிக்கிற நாய் சார், சூப்பர் நாய்" என்று பெருமையாகக் காட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓடிப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனங்களைத் தோட்டக் காவலுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அழகான நாய்கள், குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓடுகிற எதையும் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கு. தெருவில் பிறந்த நல்ல நாட்டு நாய்க்குட்டி போதும்.

ரெண்டு ஏக்கர் இருக்கே, போதாதா?

இது அடுத்த கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏறக்குறைய 210 அடி. நடுவில் நின்றால் எந்த வரப்பும் 105 அடியில் இருக்கிறது. ஆறு மாதக் குட்டி முழு வேகத்தில் ஓடினால் அந்தத் தூரம் நாலைந்து விநாடி. நீங்கள் நாயின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அது பக்கத்துப் பட்டாவில் நிற்கும். ரெண்டு ஏக்கர் என்றாலும் கூடப்போவது ஒன்றிரண்டு விநாடிதான்.

நாய் சர்வே கல்லைப் பார்க்காது. நம் நிலத்தில் பழக்கினாலும் சுற்றி இருக்கிற நாலு நிலத்திலும் அது காலை வைக்கத்தான் போகிறது. வளர்ந்த பிறகு ராத்திரியில் கட்டாயம் வைக்கும். அதனால் நாலு பக்கத்துக்காரர் சம்மதத்தை முன்கூட்டியே வாங்குவது ஒரு வேலை. தூரத்தில் கூப்பிட்டால் வருகிற பழக்கத்துக்கு மூன்று நாலு ஏக்கர் திறந்த வெளி தேடுவது இன்னொரு வேலை. இரண்டையும் குட்டி வாங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. குட்டி மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளத் தயாராகிவிடும். நீங்கள் அப்போது இடம் தேட ஆரம்பித்தால் இடம் கிடைக்கும்போது அதற்கு ஒரு வயசு ஆகியிருக்கும்.

நிலம் பார்ப்பது

எங்கள் பக்கம் மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுவடை முடிந்துவிடும். பங்குனியிலிருந்து ஆடி வரை காடு சும்மா கிடக்கும். அதுதான் நமக்குக் காலம். ஆனால் சும்மா கிடக்கிற காடெல்லாம் ஆகாது.

மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் கட்டை ஈட்டி மாதிரி நிற்கும், குட்டியின் பாதத்தைக் கிழித்துவிடும். பருத்தி எடுத்த காடு வேண்டவே வேண்டாம். மார் காய்ந்து நிற்பது ஒரு பக்கம், கடைசி வரை மருந்து அடித்த மண்ணில் நடந்துவிட்டு நாய் காலை நக்கும் என்பது இன்னொரு பக்கம். கரிசலில் சித்திரை வெடிப்பு கை நுழைகிற அகலம் இருக்கும், ஓடுகிற நாயின் கால் மாட்டினால் எலும்பு முறியும். சீமைக்கருவேல் வெட்டிய இடத்தில் வெட்டி முடித்து வருஷம் ஆனாலும் முள் கிடக்கும். என் அனுபவத்தில் நிலக்கடலை பிடுங்கிய செம்மண் நிலம்தான் முதல் தரம். மண் பொலபொலவென்று இருக்கும், கட்டை கிடையாது. ஆனால் கடலைக் காட்டில் எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எப்போது வைத்தார்கள், எந்த வளையில் வைத்தார்கள் என்று கேட்காமல் நாயை இறக்கக் கூடாது. ஆட்டுக்கிடை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆன நிலமென்றால் உண்ணி ஏறும், ஒரு மழை பெய்து உழுத பிறகு பார்க்கலாம்.

கிணறு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தெற்கே பல காடுகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு புல் மூடிக் கிடக்கும். நிலம் பார்க்கப் போனால் நாலு மூலையையும் நடந்து, கிணறு எங்கே, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதே மாதிரி, பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை. தண்ணீர் குடிக்க இறங்குகிற நாய் வழுக்கி உள்ளே போனால் நகம் பிடிக்க எதுவும் இல்லாமல் நீந்தியே களைத்துச் செத்துப்போகும். தேங்காய் நார்க் கயிற்றில் கட்டைகளைக் கோத்து ஏணி மாதிரி ஒரு ஓரம் தொங்கவிட்டால் போதும், நாயும் ஏறும், உள்ளே விழுகிற கீரியும் ஏறும். குட்டியை ஒருநாள் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறக்கி, அந்த ஏணி வழியாக ஏறி வரப் பழக்கிவிட வேண்டும். ரெட்ரீவர்காரர்களின் தண்ணீர்ப் பாடத்தில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் இன்னும் மூன்று கேள்வி உண்டு. இந்தப் பக்கம் யாராவது வேலியில் கரண்ட் விடுகிறார்களா? பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைக்கிறார்களா? அவுட்டுக்காய் போடுகிறார்களா? இதையெல்லாம் நேரே கேட்டால் "சேச்சே, அதெல்லாம் இல்ல சார்" என்றுதான் வரும். நான் வேறு மாதிரி கேட்பேன். "அண்ணாச்சி, ராத்திரி நாயோட வந்தா எந்தப் பக்கம் போகக்கூடாது?" என்று. உடனே கையைக் காட்டிவிடுவார்கள். வங்கியில், "கந்துவட்டிக் கடன் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், "வாராவாரம் யாருக்குப் பணம் கட்டணும்?" என்று கேட்டால் பட்டியலே வரும். அதே வழிதான்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேகாற்று எங்கள் பக்கம் வரை அடிக்கும். நாய் காற்றை எதிர்த்து ஓடும்போது பின்னால் நின்று நீங்கள் போடுகிற சத்தம் அதன் காதுக்கு எட்டாது. நாய் சொல் பேச்சு கேட்கவில்லை என்று அடிப்பார்கள், பாவம் அதற்குக் கேட்டிருக்கவே செய்யாது. ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்று வருகிற திசையில் நீங்கள் நின்றுகொண்டு கூப்பிடுங்கள், உங்கள் வாடையும் சேர்ந்து போகும்.

காப்புக்காடு பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்து நிலத்தைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். அதற்குள் அனுமதி இல்லாமல் நாம் நுழைவதே குற்றம், நாயோடு நுழைந்தால் சொல்லவே வேண்டாம். நாய்க்கு வருகிற நோய் காட்டுக்குள் போகும் என்பதும் வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸை அவற்றில் கண்டுபிடித்தார்கள்.

யாருடைய நிலம்?

நிலம் பிடித்துவிட்டது. யாரிடம் கேட்பது? பட்டாவில் பேர் உள்ளவரிடம் என்று உடனே சொல்லிவிடுவோம். கிராமத்தில் ஒரு நிலத்துக்கு மூன்று பேர் இருப்பார்கள். பட்டாதாரர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார். உழுது விதைப்பவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்தவர். தினமும் அங்கே நடமாடுகிறவர் மூன்றாவது ஆள், காவல்காரராகவோ ஆடு மேய்ப்பவராகவோ இருப்பார். போனில் பட்டாதாரர் "தாராளமா பழக்குங்க சார்" என்று சொன்னதை நம்பி நாயோடு போய் நின்றால், குத்தகைக்காரர் வரப்பில் நின்று பார்ப்பார். ஒன்றும் பேச மாட்டார். அவர் மனதில் ஓடுவது, "இவன் ஏன் என் காட்டுக்குள்ள நிக்கிறான், அடுத்த வருசம் குத்தகை இவனுக்குப் போகப்போவுதோ" என்பதுதான். மூன்று பேரிடமும் கேட்க வேண்டும், அதிலும் உழுகிறவரிடம் முதலில்.

பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் அரசின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். யார் சாகுபடி செய்கிறார் என்பதற்கு அடங்கல், அதற்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் இருக்கும், பாகம் பிரிக்காமல் இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரிடம் அனுமதி வாங்கினால் மற்ற மூவருக்கும் நீங்கள் எதிராளி. அந்த மாதிரி நிலம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் நான் தாண்டிப் போய்விடுவேன். கேஸில் இருக்கிற நிலமும் அப்படித்தான்.

புறம்போக்குக்கு வருவோம். கோடையில் வற்றிய கண்மாய் போல நாய் பழக்க வசதியான இடம் கிடையாது, பரந்து கிடக்கும், ரோடு தூரத்தில் இருக்கும். ஆனால் அதில் சட்டப்படி அனுமதி கொடுக்க வேண்டியவர் ஊரில் வாய்வார்த்தையாகச் சொல்கிற பெரிய மனிதர் இல்லை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மீன் குத்தகை எடுத்தவர் தனி. இதற்கெல்லாம் மேலே, நடைமுறையில் அந்தக் கண்மாய் யாருடையது என்றால், தினமும் அதில் ஆடு மாடு மேய்க்கிறவர்களுடையது. மேய்க்கால் புறம்போக்கும் அப்படியே. துறையிடம் கேட்டு வாங்கினாலும் அவர்கள் மேய்க்கிற நேரத்தில் நாயோடு இறங்குவது நியாயம் இல்லை. அவர்களுக்கு வேறு இடம் கிடையாது, நமக்கு உண்டு. நான் கண்மாயைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

எப்படிக் கேட்பது?

நாயில்லாமல் போங்கள். இது முக்கியம். நாயோடு போனால் கேட்கப் போனதாக இருக்காது, சொல்லிவிட்டுப் போக வந்ததாக இருக்கும். விதைப்பு, களை, அறுவடை நடக்கும்போது போகாதீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நேரம் நல்ல நேரம். "நாய் பழக்கணும், உங்க காட்டைக் குடுங்க" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் யாருக்கும் கலவரமாகத்தான் இருக்கும். எந்த மாதம், எந்த நேரம், எந்தப் பாதை, எத்தனை ஆள், கயிற்றிலா அவிழ்த்தா, சேதமானால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி அடுத்த ஊசி, வருஷா வருஷம் தவறாமல். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் ஆறு எட்டு வாரத்திலேயே தொடங்கும், அந்தச் சுற்று முடியாமல் குட்டியை வேறு நிலத்தில் இறக்கவே கூடாது.

எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு அம்மா வெள்ளாடு வைத்திருக்கிறார். நாலு பக்கத்துக்காரர்களில் நான் முதலில் போனது அவரிடம்தான். காரணம் எளிது, நாயால் நஷ்டம் வந்தால் முதலில் வருவது அவருக்கு. ஆடு அவருக்கு நகைக்கடன் மாதிரி. ஆஸ்பத்திரிச் செலவோ, பிள்ளைக்கு ஃபீஸோ, ஒரு கிடாயைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பணம்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வேப்பங்குழையை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ஏன் சார், நாய வளக்கது நீங்க, பயந்து கெடக்கது நாங்களா? போன வருசம் தெருநாய் ரெண்டு குட்டியக் கடிச்சுப் போட்டுச்சு. யாருகிட்ட போயிக் கேக்க?"

"அதுக்குத்தாம்மா முதல்ல உங்ககிட்ட வந்தேன். நீங்க வேணாம்னா நாய் வாங்கல."

"நீங்க வாங்கலைனா பன்னி போயிருமா? என் சோளத்தையும்தான் திங்குது." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணு செய்ங்க. நாய எனக்குக் காட்ட வேணாம், என் ஆட்டுக்குக் காட்டுங்க. ஆடு பயப்படாம நின்னு மேஞ்சதுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இதைவிட நல்ல பாடத்திட்டத்தை யாரும் எழுதித் தர முடியாது. மறுப்பு சொல்கிறவரிடம்தான் நமக்கு வேண்டிய நிபந்தனை கிடைக்கிறது. சரி சரி என்று தலையாட்டுகிறவரிடம் எதுவும் கிடைப்பதில்லை.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று துருவ வேண்டியதில்லை. கிழக்குப் பக்கத்துக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பக்கம் முழுக்க கம்பி வேலி போட்டுவிட்டேன், செலவு என்னுடையது.

காகிதம்

வாய்ப்பேச்சு போதுமா, எழுத்து வேண்டுமா? எழுத்து வேண்டும், ஆனால் முத்திரைத்தாள் வேண்டாம். கிராமத்தில் ஒருவர் முன்னால் முத்திரைத்தாளை நீட்டினால், நிலத்தையே எழுதி வாங்க வந்தவன் என்று பார்ப்பார்கள். அதில் தப்பு இல்லை. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. ஒருவரை உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது என்ற பயம் நில உடைமைக்காரர்களிடம் ஆழமாக உண்டு. அதனால் பணமும் கொடுக்காதீர்கள். மாதம் ஐந்நூறு என்று வாங்கிவிட்டால் அது வாடகையா, குத்தகையா என்று அவருக்கே குழப்பம் வரும். வாழைத்தாரோ, தேனோ, காய்கறியோ வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், அதற்கு யாரும் ரசீது கேட்க மாட்டார்கள்.

வெள்ளைத்தாளில் நாம் எழுதி, நாம் மட்டும் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"அய்யா, தங்கள் நிலத்தில் (சர்வே எண் குறிப்பிடவும்) வரும் பங்குனி முதல் ஆடி முடிய, காலை 6 மணி முதல் 7.30 மணி வரை என் நாயைப் பழக்கிக்கொள்ள அனுமதித்தமைக்கு நன்றி. இதற்கு வாடகையோ குத்தகையோ இல்லை. இதனால் இந்நிலத்தில் எனக்கு எவ்வித உரிமையும் உண்டாகாது. தாங்கள் எப்போது வேண்டாம் என்று சொன்னாலும் அன்றே நிறுத்திக்கொள்கிறேன். என் நாயால் பயிருக்கோ கால்நடைக்கோ ஆட்களுக்கோ சேதம் ஏற்பட்டால் ஈடு செய்வது என் பொறுப்பு. நிலத்தில் பள்ளம் விழுந்தாலோ வரப்பு கரைந்தாலோ நானே சரி செய்து தருகிறேன்."

கடைசிக்கு முந்தின வரிதான் அவர்கள் மீண்டும் படிக்கிற வரி. அந்த வரியை எழுதத் தயக்கம் இருந்தால் நாய் வளர்க்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள்.

முதல் நாற்பது நாள்

பழக்கும் முறையை விரிவாக எழுத இங்கே இடம் இல்லை. நிலத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். முதல் பத்து நாள் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நம் எல்லையைச் சுற்றி நடங்கள், காலையும் மாலையும், ஒரே பாதையில். வரப்புக்கு வந்ததும் நின்று திரும்ப வேண்டும். அது மூத்திரம் பெய்து அடையாளம் வைக்கிற இடம் நம் பக்கத்து வரப்பாக இருக்கட்டும். அதன் பிறகு முப்பது அடிப் பருத்திக் கயிறு. நைலான் வேண்டாம், நாய் இழுத்து ஓடினால் உள்ளங்கையைச் சீவிவிடும். கயிற்றோடு விட்டுக் கூப்பிடுவது, வந்தால் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு. இது கடலைக்காட்டில் நடக்கிற பாடம். புறங்கையைத் தரையில் வைத்து ஆறேழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் தாங்காது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சித்திரையில் எட்டு மணிக்கே அந்த நிலைமை வந்துவிடும்.

ஆட்டுப் பாடம் தனி. முதல் நாள் நூறு அடி தூரத்தில் நாயை உட்கார வைத்தேன். ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. மூத்த பெட்டையாடு முன்னங்காலால் தரையைத் தட்டியது. நாய் எழ முயன்றது, உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் அப்படியே, பிறகு திரும்பி வந்துவிட்டோம். மறுநாளும் அதேதான். ஆடு தலையைக் குனிந்து மேய ஆரம்பித்த அன்றைக்குத்தான் அஞ்சு அடி முன்னால் போனோம். நாய் ஆட்டை மறந்து வேறு பக்கம் பார்த்தால் முட்டை, ஆட்டையே முறைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்த அம்மா தினமும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் கவனிப்பார். ஐந்தாவது வாரக் கடைசியில் கூட்டத்துக்கு நடுவே நாயைக் கயிற்றில் கூட்டிக்கொண்டு நடந்தேன், ஒரு ஆடும் தலை தூக்கவில்லை. "சரி, இனிமே கயித்தோட வேணாம், சும்மாவே வாங்க" என்றார். நான் இன்னும் ஒரு மாதம் கயிற்றோடுதான் போனேன்.

இன்றைக்கு அந்த நாய்க்கு நாலு வயசு. பன்றி வருவது நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. குரைச்சல் சத்தம் கேட்டால் நாங்கள் டார்ச் எடுத்துக்கொண்டு எழுந்து போக வேண்டும், தனியாகப் பன்றியோடு மல்லுக்கு நிற்க நாயை விடக் கூடாது. விதைத்த முதல் பத்து நாள் மயிலுக்கு மட்டும் பகலில் நல்ல பலன் தெரிகிறது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. ஆடி முடிந்ததும் அந்தக் கடலைக்காட்டுக்காரரிடம் போய், பழக்கம் முடிந்தது, இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். போகும் முன் ஒரு மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வாருங்கள். குட்டி எலி வளையைத் தோண்டியிருக்கும், வரப்பில் எங்காவது பொந்து விழுந்திருக்கும். புரட்டாசி மழைக்கு முன்னால் அதை மண் போட்டு மிதித்து அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் உடைத்துக்கொண்டு போகும்.